குமிழியும் மணமும்

பாதி குடித்து மூடாமல் வைத்துவிட்ட கலரை மறுநாள் எடுத்து அருந்திப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பார்கள். முதல் நாள் இனிப்பும் புளிப்பும் ஓர் அளவில் நின்று, தொண்டையைச் சுரீரென்று தொட்டு இறங்கிய அதே பானம், மறுநாள் இரண்டு மிடறுக்குமேல் குடிக்க முடியாதபடி தித்திக்கிறது. இரவில் எவரும் அதில் சர்க்கரை இடவில்லை. சீசாவை விட்டுச் சென்றது வாயு ஒன்றே. அவ்வாயுவுக்கோ இனிப்பு என்ற குணமே கிடையாது. ஒரு வஸ்து நீங்கியதால் அதனோடு சம்பந்தமில்லாத இன்னொன்று மிகுந்துவிட்டதாகத் தோன்றுவது எப்படி? இக்கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம். பெட்டிக்கடையில் பன்னீர் சோடா, ஜிஞ்சர், லெமன், ஆரஞ்சு, திராட்சை, கோலா என்று நிறத்தாலும் பெயராலும் வேறுபட்டு வரிசையாக நிற்கும் சீசாக்களில் ஏறக்குறைய முழுவதும் இருப்பது ஒரே தண்ணீரும் ஒரே சர்க்கரையும் ஒரே வாயுவுந்தான் என்றால், அவை வாயில் இத்தனை வேறாகத் தெரிவது எதனால்? முதற் கேள்வியைத் தீர்த்துக்கொண்டால் இரண்டாவதற்கு வழி பிறக்கும்.

அந்த வாயு கரியமில வாயு. நாம் வெளிவிடும் மூச்சிலும், புளிக்கிற மாவிலும் உள்ளது அதுவே. 1767-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் பாதிரியாராக வந்த ஜோசப் பிரீஸ்ட்லி, தம் வீட்டுக்கு அருகிலிருந்த பீர் வடிசாலையில், நொதித்துக்கொண்டிருக்கும் தொட்டிகளின் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வாயு படிந்து நின்று, அருகே கொண்டுசெல்லும் சுடரை அணைத்துவிடுவதைக் கவனித்தார். அவ்வாயுவுக்கு நடுவே இரண்டு பாத்திரங்களைப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரைப் பலமுறை மாற்றி ஊற்றிச் சுவைத்தபோது, சில மலைநாட்டு ஊற்றுகளில் மட்டுமே கிடைத்துவந்த விறுவிறுப்பு நீர் அவர் கையில் இருந்தது. சீமைச் சுண்ணாம்பின்மேல் கந்தக அமிலத்தை விட்டு வாயுவை உண்டாக்கித் தண்ணீரில் ஏற்றும் முறையை 1772-ல் சிறு நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு, வாயுக்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகளுக்காக ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. அந்நீர் மாலுமிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று அவர் நம்பியது பலிக்கவில்லை. ஆனால் 1783-ல் ஜெனீவாவில் ஜேகப் ஷ்வெப் என்பவர் அதை யந்திரத்தின் மூலம் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார். உலகெங்கும் இன்று விற்கும் சோடாக்களுக்கெல்லாம் மூலபுருஷர் இவ்விருவரே.

தண்ணீருக்குள் வாயு எப்படித் தங்குகிறது என்பதற்கான விதியை 1803-ல் வெளியிட்டவர் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. தண்ணீரின்மேல் நிற்கும் வாயுவின் அழுத்தம் எவ்வளவோ, அதே விகிதத்தில் வாயு கரையும் என்பது அவ்விதி. திருவிழா நாளில் ஒரு கோயில் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைவோரும் வெளியே வருவோரும் எந்த நேரமும் இருப்பார்கள். வாசலில் கூட்டம் நெருங்க நெருங்க நிமிஷத்துக்கு நுழைவோர் தொகை மிகும். உள்ளே ஜனம் பெருகப் பெருக வெளியேறுவோர் தொகையும் மிகும். இவ்விரண்டும் சமமாகும்போது மண்டபத்தில் இருப்போர் எண்ணிக்கை ஓர் அளவில் நிலைத்துவிடும். வாசற்கூட்டம் கலைந்தால் மண்டபமும் தானே காலியாகும். வாயுவின் மூலக்கூறுகளும் இவ்வண்ணமே நீர்ப்பரப்பின் வழியாக இடைவிடாமல் புகுந்தும் புறப்பட்டும் இருக்கின்றன. அந்நிலைக்குச் சமநிலை என்று பெயர். அழுத்தம் என்பது வாசலின் நெருக்கடி. உஷ்ணமோ மூலக்கூறுகளுக்குத் தண்ணீரின் பிடியை உதறிப் புறப்படும் வேகத்தைத் தருவது. ஆகவே சூடு ஏறினால் கரைந்திருக்கும் அளவு குறையும். சாதாரணக் காற்றழுத்தத்தில், பனிக்கட்டியின் குளிர்ச்சியுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 பாகை வெப்பத்தில் அதே தண்ணீர் ஏறத்தாழ 0.9 லிட்டரைத்தான் ஏற்கும். ஒரு லிட்டர் கோலாவிலோ மூன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட வாயு அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தமின்றி அது தங்காது. நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு பதினாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான் என்பதால், திறந்த சீசா சமநிலையை அடைவதென்றால் தன் வாயுவில் ஏறக்குறைய அனைத்தையும் இழந்தே அடைய வேண்டும்.

இவ்வழுத்தத்தைக் காப்பதற்கு மனிதன் கண்ட உபாயங்களில், நம் ஊர்களில் இன்னும் வழங்கும் கோலி சோடா சீசாவைவிட அழகானதை நான் கண்டதில்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களின் தொடக்கத்தில் உரிமை பெற்ற அமைப்பு அது. கழுத்தின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம். அதற்குக் கீழே ஒரு கண்ணாடிக் கோலி. சீசாவைத் தலைகீழாக நிறுத்தி வாயு கலந்த நீரை நிரப்பும்போது கோலி தன் கனத்தாலேயே வாய்ப்பக்கம் விழுந்து வளையத்தில் படிகிறது. பிறகு சீசாவை நிமிர்த்தினாலும், உள்ளே சிறைப்பட்ட வாயு அதைக் கீழே விழவிடாமல் வளையத்தோடு அழுத்திக்கொண்டே நிற்கிறது. தப்பிச் செல்ல முயலும் வாயுவே தன் சிறைக்கதவைத் தாளிட்டுக்கொள்கிறது. எவ்வளவு பலமாக முட்டுகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்கிறது. கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளும் அந்தக் கணத்தில், வளையத்துக்கும் கோலிக்கும் இடையே பிறக்கும் இடுக்கின் வழியாக வாயு சீறிப் பாய்வதையே நாம் அந்தச் சத்தமாகக் கேட்கிறோம். கழுத்தில் காணும் இரு பள்ளங்களும் ஊற்றும்போது கோலியைப் பிடித்து நிறுத்துவதற்காக ஏற்பட்டவை. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே அமைப்பில் விற்கிறது. மற்ற நாடுகளில் வில்லியம் பெய்ன்டர் 1892-ல் உரிமை பெற்ற தகர மூடி இதை ஒதுக்கிவிட்டது.

சீசாவைத் திறந்தவுடன் வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறிவிடாமல், மணிக்கணக்கில் குமிழியிட்டுக்கொண்டிருப்பது ஏன்? மிகச் சிறிய குமிழியொன்று நீருக்குள் தோன்றுமானால், அதன் வளைந்த பரப்பை நீரின் இழுவிசை நசுக்கிவிடும். குமிழி எவ்வளவு சிறிதோ அவ்வளவு கொடிதாக நசுக்கும். ஆகவே வெறும் நீரின் நடுவில் குமிழி பிறப்பது மிக அரிது. ஏற்கெனவே காற்று சிக்கியிருக்கும் ஓர் இடுக்கிலிருந்தே அது பிறந்தாக வேண்டும். அவ்விடத்துக்குக் குமிழ்க்கரு என்று பெயர் வைக்கலாம். கண்ணாடிக் குவளையில் ஒரே புள்ளியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக எழும் காட்சியை உற்றுப் பார்த்தவர்களுக்கு, அப்புள்ளியில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் தோன்றாமல் இராது. பிரான்ஸில் ரேன்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் ழெரார் லிஜே-பெலேர் அவ்விடங்களை அதிவேகப் புகைப்படக் கருவிகளால் படம் பிடித்து, பெரும்பாலும் அங்கே இருப்பது துடைத்த துணியோ காற்றோ விட்டுச் சென்ற நுண்ணிய பருத்தி இழை என்றும், அவ்விழையின் குழலுக்குள் அடைபட்ட காற்றே குமிழிக்குத் தாய் என்றும் காட்டினார். குலுக்கிய சீசா பொங்குவதற்கும் காரணம் இதுவே: குலுக்குவதால் உள்ளே அழுத்தம் கூடுவதில்லை, எண்ணற்ற சிறு குமிழிகள் நீரெங்கும் சிதறி, அத்தனையும் கருக்களாகிவிடுகின்றன. சற்று நேரம் அசையாமல் வைத்தால் அவை மேலேறி மறைந்துபோகும். பிறகு அமைதியாகத் திறக்கலாம்.

இனி விறுவிறுப்புக்கு வருவோம். வாயில் வெடிக்கும் குமிழிகள் நாக்கைக் குத்துவதே சோடாவின் விறுவிறுப்பு என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். நெடுங்காலம் அறிஞர்களும் அவ்வாறே எண்ணியிருந்தார்கள். அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவர்கள் மலையேறுவோர். உயர்ந்த மலைகளில் வரும் தலைச்சுற்றலுக்கும் மயக்கத்துக்கும் அசிட்டசோலமைடு என்ற மருந்தை உண்டவர்கள், சிகரத்தை வென்ற மகிழ்ச்சியில் பீரும் ஷாம்பேனும் அருந்தியபோது, நுரை பொங்கியும் குமிழி துள்ளியும் பானம் உயிரற்றிருந்ததாகக் கூறினார்கள். அம்மருந்து குமிழியை எவ்விதத்திலும் தொடுவதில்லை. அது தொடுவது நம் உடலிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை. கரியமில வாயுவையும் தண்ணீரையும் கூட்டிக் கார்பானிக் அமிலமாக்கும் வேலையை வெகு விரைவில் செய்யும் நொதி அது. மருந்து அதைச் செயலற்றதாக்குகிறது. நொதி நின்றதும் விறுவிறுப்பும் நின்றது என்றால், நாம் விறுவிறுப்பு என்று உணர்வது குமிழியின் குத்தாக இராமல், வாயு அமிலமாக மாறுவதன் விளைவாக இருக்க வேண்டும்.

குமிழியையும் விறுவிறுப்பையும் நேருக்கு நேர் பிரித்துப் பார்த்த பரிசோதனை ஒன்றும் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், 2013-ல் வெளிவந்த ஆய்வில், காற்றழுத்தத்தை இரு மடங்காக உயர்த்தக்கூடிய அறைக்குள் மனிதர்களை அமர்த்தி, அவ்வழுத்தத்தில் குமிழியே உண்டாகாத அளவுக்கு வாயு கரைந்த நீரை அருந்தச் செய்தார்கள். வாயில் ஒரு குமிழியும் எழவில்லை; விறுவிறுப்போ குறையவில்லை. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2009-ல், சார்லஸ் சுக்கர் முதலான ஆராய்ச்சியாளர்கள் எலிகளை ஆராய்ந்து, புளிப்பை உணரும் நாக்கணுக்களின் மேற்பரப்பிலேயே அந்நொதியின் ஒரு வகை பதிந்திருப்பதையும், அவ்வணுக்களை நீக்கிவிட்டால் கரியமில வாயுவை நாக்கின் சுவை நரம்பு உணர்வதில்லை என்பதையும் கண்டிருந்தார்கள். கடுகையும் முள்ளங்கியையும் கடித்தால் மூக்கில் ஏறும் நெடியை அறிவிக்கும் வலி நரம்புகளும் இதே வாயுவால் தூண்டப்படுகின்றன என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. சோடாவை நாம் பாதி சுவையாகவும் பாதி வலியாகவும் அருந்துகிறோம்.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். அமிலந்தான் விறுவிறுப்புக்குக் காரணமென்றால், பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கோலா வெறும் சோடாவைப் போல் பல மடங்கு அமிலத்தன்மை உடையதாயிற்றே. வாயு போன கோலாவும் அவ்வாறே இருக்க, அது ஏன் சுரீரென்று தொடுவதில்லை? விடை, அமிலம் எங்கே பிறக்கிறது என்பதில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அமிலத்தின் மின்னேற்றத் துகள்களை உயிரணுவின் எண்ணெய்ச் சவ்வு எளிதில் உள்ளே விடுவதில்லை. நம் எச்சிலும் அவற்றைத் தணித்துவிடுகிறது. கரியமில வாயுவோ மின்னேற்றம் இல்லாதது. சவ்வைத் தடையின்றிக் கடந்து, நரம்பின் அருகிலும் உள்ளேயும் சென்ற பிறகே நொதியின் உதவியால் அமிலமாகிறது. இதுவே இவ்விஷயம் முழுவதிலும் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்துவது: சோடாவின் விறுவிறுப்பு சீசாவுக்குள் முழுமையாக இல்லை, அதன் கடைசிப் பகுதியை நம் வாயே தயாரித்துக்கொள்கிறது.

முதற் கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று மறைக்கும் இயல்புடையவை. கரியமில வாயு தரும் புளிப்பும் எரிச்சலும் சேர்ந்து சர்க்கரையின் இனிப்பைப் பெருமளவு மூடிவைக்கின்றன. குளிர்ச்சியும் அவ்வாறே, இனிப்பை மூளைக்கு அறிவிக்கும் அணுக்களின் வாயில்கள் குளிரில் மந்தமாகவும் சூட்டில் சுறுசுறுப்பாகவும் வேலை செய்கின்றன. கலர் தயாரிப்பவர்கள் இவ்விரு திரைகளையும் உத்தேசித்தே 100 மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கும் மேலாகச் சர்க்கரை சேர்க்கிறார்கள். 300 மில்லிலிட்டர் சீசா ஒன்றில் முப்பது கிராமுக்கு மேல் இருக்கும். வாயு போய், குளிர்ச்சியும் தணிந்தபின் நாம் சுவைப்பது அந்த மறைவற்ற முப்பது கிராமை. மறுநாள் கலர்தான் உண்மையைச் சொல்கிறது.

வகைகளுக்கு வருவோம். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சிலவற்றை மட்டுமே. கலர்களுக்குள் நாக்கு காணக்கூடிய வேறுபாடு புளிப்பின் தன்மையில்தான். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். கோலாவில் பழச்சாயல் இல்லாத, சட்டென்று வெட்டும் பாஸ்பாரிக் அமிலம். எஞ்சிய வேறுபாடு யாவும் மூக்கினுடையது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடி, ஆரஞ்சையும் பன்னீர் சோடாவையும் மாற்றி மாற்றி அருந்தினால் இனிப்பும் புளிப்பும் விறுவிறுப்பும் தெரியுமே ஒழிய எது எதுவென்று சொல்வது கடினமாகிவிடும். மூக்கை விட்ட மாத்திரத்தில் ரோஜாவும் ஆரஞ்சும் வந்து நிற்கும். தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணத்தையே நாம் நாவின் ருசி என்று கொள்கிறோம். இவ்விஷயத்தில் குமிழிகளுக்கும் ஒரு பங்கு உண்டு: நீர்ப்பரப்பில் வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் மணப்பொருள் செறிந்த மிக நுண்ணிய துளிகளை மேலே தெறித்து மூக்குக்கு அனுப்புகிறது.

அந்த மணப்பொருள்களோ சீசா ஒன்றுக்கு அற்ப சொற்பமானவை. பன்னீர் சோடாவை எடுத்துக்கொள்வோம். ரோஜா மணத்தில் பீனைல்எத்தில் ஆல்கஹால் என்ற ஒரு பொருள் பிரதானமானது. மற்ற மணங்கள் எண்ணெயோடு போய்விட, இது மட்டும் தண்ணீரில் தாராளமாகக் கரைவதால் மலரைக் காய்ச்சி வடித்த பன்னீரிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் பன்னீர் சோடா தெளிந்த நீராகவே இருந்துகொண்டு மணக்கிறது. ஆரஞ்சுக்கு இவ்வசதி இல்லை. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் லிமோனீன். அது நீரில் கரையாது. சும்மா கலந்தால் மேலே மிதக்கும் அதனை, வேல இனத்து மரமொன்றின் பிசினைச் சேர்த்துக் கடைந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக்கிப் பால்மமாக நிறுத்துகிறார்கள். ஆரஞ்சுக் கலரின் கலங்கல் தோற்றம் அதனால் வருவது. லெமனின் மணம் சிட்ரால், எலுமிச்சைப்புல்லிலும் இருப்பது. அமில நீரில் நாளாக நாளாக அது சிதைந்துவிடுவதால் பழைய லெமன் சீசாவில் புதியதன் மணம் இராது. ஜிஞ்சர் தனிச் சாதி. இஞ்சியின் ஜிஞ்சரால், மிளகாயின் உறைப்பையும் சுடுநீரின் சூட்டையும் அறிவிக்கும் அதே நரம்பு வாயிலைத் திறக்கிறது. வாயுவின் விறுவிறுப்பு ஒரு வாயிலிலும் இஞ்சியின் உறைப்பு இன்னொரு வாயிலிலும் புகுவதால், இலங்கைத் தமிழர் விரும்பி அருந்தும் ஜிஞ்சர் பியருக்கு மற்ற எதற்கும் இல்லாத இரட்டை வேகம் அமைந்திருக்கிறது. அவர்களுடைய கிரீம் சோடாவின் மணமோ வெனிலின். நம் நன்னாரி வேரின் மணப்பொருளும் வெனிலினும் அதே அணுக்களை அதே எண்ணிக்கையில் கொண்டவை. இரண்டு கிளைகள் இடம் மாறிப் பொருந்தியிருப்பதுதான் வேறுபாடு. அந்தச் சிறு இடமாற்றம் ஒன்றை ஐஸ்கிரீமாகவும் மற்றொன்றை வேனிற்காலத்துச் சர்பத்தாகவும் மூக்குக்குக் காட்டுகிறது.

கோலா எந்தப் பழத்தின் மணமும் அன்று. 1886-ல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்துக்கடைக்காரர் உருவாக்கிய கோக்ககோலாவின் பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோலாக் கொட்டை இருந்தாலும், கோலா மணமாக நாம் அறிவது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களும் லவங்கப்பட்டை, ஜாதிக்காய், வெனிலா முதலியனவும் சேர்ந்த ஒரு கூட்டு. கருமை, கருக்கிய சர்க்கரையினுடையது. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவும் இவ்வாறு கருநிறத்ததே எனினும், அதில் முன் நிற்பது திராட்சை மணம். மணத்தை இன்பமென்று கொள்வதும் வெறுப்பதும் பழக்கத்தைச் சார்ந்தது என்பதற்கு அமெரிக்கரின் ரூட் பியரைச் சொல்லலாம். அதில் ஓங்கி நிற்கும் மீத்தைல் சாலிசிலேட்டு நம் வீடுகளில் மூட்டுவலித் தைலத்தில் இருப்பது. அங்கே குழந்தைகளின் விருந்து, இங்கே முதல் மிடறிலேயே முகம் சுளிப்பு. மணத்தால் அன்றி நாக்கு அறியும் கசப்பால் வேறுபடுவது டானிக் நீர் ஒன்றே. அக்கசப்பு, 1860-களிலிருந்து நீலகிரியில் பயிரான சிங்கோனா மரப்பட்டையின் கொய்னாவுக்கு உரியது.

இவை எல்லாவற்றுள்ளும் எது சிறந்தது என்று கேட்டால், கடைக்காரர் நம் கண்ணெதிரே எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்து உப்பிட்டுத் தரும் சோடாவையே சொல்வேன். தோலிலிருந்து அந்தக் கணமே தெறித்த, சிதையாத சிட்ரால் அதில் இருக்கிறது. பழத்தின் சொந்தப் புளிப்பு இருக்கிறது. மறைத்து வைத்த சர்க்கரை இல்லை. ஒரே குறை, உப்பைக் கடைசியில் போடுவதால் வருவது. உப்பின் ஒவ்வொரு பரலின் சொரசொரப்பிலும் காற்று சிக்கியிருப்பதால் அத்தனையும் குமிழ்க்கருக்களாகி, நாம் விலை கொடுத்த வாயுவில் பெரும்பகுதியைக் குவளைக்கு வெளியே நுரையாகத் தள்ளிவிடுகின்றன. வீட்டில் செய்வோர் உப்பை முதலில் எலுமிச்சைச் சாற்றிலேயே பரல் இல்லாமல் கரைத்துக்கொண்டு, நன்றாகக் குளிர்ந்த சோடாவைக் குவளையைச் சாய்த்துப் பக்கவாட்டில் மெதுவாக ஊற்றவேண்டும். ஊற்றிய பின் கரண்டியால் கலக்கக் கூடாது.